ஐந்து கோப்புகளில் ஒரு கடிதம்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை வங்கியிலும் மருத்துவமனையிலும் மட்டும்தான் கூப்பிடுவார்கள். மற்ற எல்லோருக்கும் அவள் கேட்டுச்சொல்லி. பேருந்துக்கு நின்றாலும் சரி, காய்கறி பொறுக்கிக்கொண்டிருந்தாலும் சரி, "கேட்டுச்சொல்லி அக்கா, எங்க வீட்டுக் குழாய் விஷயமா ஒண்ணு கேக்கணும்" என்று யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

அந்தப் பெயர் வருவதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் அவள் ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். பெரிய பத்திரிகை ஒன்றும் இல்லை. நகரத்தின் நாலைந்து குடியிருப்புகளுக்கு மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் வந்து விழும் எட்டுப் பக்கம். அதில் ஐந்தரைப் பக்கம் விளம்பரம். டயர் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம்; கீழே சக்கரத்துக்குக் காற்று அடிக்கும்போதெல்லாம் மேலே மேசை லேசாக நடுங்கும். ஜன்னலோரம் அவள் இடம். வரிக்கு அடியில் அளவுகோலை வைத்து, எல்லாவற்றையும் மூன்று தடவை படிப்பாள். முதல் தடவை எழுத்துக்கு, இரண்டாவது பொருளுக்கு, மூன்றாவது சந்தேகத்துக்கு. ஒரே ஒரு முறை காய்ச்சல் என்று அவள் வராமல் இருந்தபோது, "மாடி வீடு விற்பனைக்கு" என்ற விளம்பரம் "மாடு வீடு விற்பனைக்கு" என்று வந்துவிட்டது. மாடு தனியாகக் கிடைக்குமா என்று பதினோரு பேர் போன் செய்தார்கள். அதற்குப் பிறகு ஆசிரியர் அவளுக்கு லேசில் லீவு கொடுப்பதில்லை.

அந்தப் பத்திரிகையில் ஜனங்கள் உண்மையிலேயே படித்தது கடைசிப் பக்கக் கேள்வி பதிலைத்தான். வீடு, மனை, செல்லப்பிராணி, பயணம், உடல்நலம் என்று ஐந்து தலைப்பு. சுவரில் ஆணி அடித்தால் காரை கொட்டுகிறதே என்பதிலிருந்து, பேருந்தில் ஏறினாலே குமட்டுகிறதே என்பது வரை எதையும் கேட்கலாம். பல வருடமாகப் பதில் எழுதிவந்தவர் ஒரு நாள் மகள் வீட்டோடு போய்விட்டார். ஆசிரியர் யோசிக்கவே இல்லை. ஐந்து கோப்புகளையும் தூக்கிவந்து அவள் மேசையில் வைத்தார்.

"நீங்கதான் எல்லாத்தையும் மூணு தடவை படிக்கிறீங்களேம்மா. பதிலையும் நீங்களே எழுதிடுங்க."

"சார், எனக்குச் சொந்த வீடு கிடையாது. நாய் பூனை எதுவும் கிடையாது. இந்த ஊரைத் தாண்டி நான் போனதே ரெண்டு தடவைதான்."

"அதான் நல்லது. அனுபவம் இருக்கறவங்க அவங்க கதையையே சொல்லிட்டு இருப்பாங்க."

இப்படியாக, நாற்பத்தாறாவது வயதில் அந்த வேலை அவள் தலையில் கட்டப்பட்டது. முதல் இரண்டு மாதம் பழைய பதில்களைத் தேடி எடுத்து, வார்த்தையை மாற்றி எழுதி ஒப்பேற்றினாள். மூன்றாம் மாதம் மாட்டிக்கொண்டாள்.

படுக்கையறைச் சுவரின் அடிப்பகுதி ஈரமாகவே இருக்கிறது என்று ஒரு கேள்வி. சுரண்டிவிட்டு ஈரம் தாங்கும் பெயின்ட் இரண்டு கை பூசுங்கள் என்று பழைய பதில் ஒன்று இருந்தது. அதையே எழுதினாள். ஐந்து வாரம் கழித்து, பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி விறுவிறுவென்று மாடியேறி வந்தாள். கையிலிருந்த பையை மேசையில் கவிழ்த்தாள். உரிந்துபோன பெயின்ட் தோல் தோலாக அச்சுத் தாள்மேல் கொட்டியது.

"இதுதான் உங்க பதில். எழுதினது யாரு?"

"நான்தான்."

"எங்க வீட்டுச் சுவரை நீங்க பார்த்தீங்களா?"

"இல்லை."

"அப்புறம் எப்படிச் சொன்னீங்க?"

எழுத்துப் பிழை என்றால் அடுத்த வாரம் ஒரு வரி திருத்தம் போட்டுத் தப்பித்துவிடலாம். இது ஒருவர் தினம் தூங்கி எழும் அறை. பேனாவை மூடி வைத்துவிட்டு, தெருமுனைப் பிளம்பரையும் அழைத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு கிளம்பினாள். பிளம்பர் சுவரைத் தொடக்கூட இல்லை. வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களையும் இறுக மூடச் சொன்னார். பிறகு வாசலில் இருந்த தண்ணீர் மீட்டர் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முள் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"யாரும் தண்ணி பிடிக்கல, ஆனா தண்ணி ஓடுது. சுவருக்குள்ள குழாய் ஒழுகுதும்மா. பெயின்ட் பாவம், அது என்ன பண்ணும்?"

அடுத்த வாரம் அவள் எழுதினாள்: "ஐந்து வாரத்துக்கு முன்னால் நான் சொன்ன பதில் தவறு. பார்க்காமல் சொன்னேன்." கீழே மீட்டர் விஷயத்தைப் பிளம்பர் சொன்னபடியே எழுதினாள். ஆசிரியர் தாளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"பத்திரிகைல யாராவது இப்படி ஒத்துக்குவாங்களா?"

"மாட்டுக்கு ஒத்துக்கிட்டோமே சார்."

அவர் சிரித்துவிட்டார். அப்படியே அச்சேறியது. அதற்கடுத்த வாரம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கடிதங்கள் வந்தன.

அன்றிலிருந்து தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுத்தான் எழுதினாள். மனை வாங்குவது பற்றி என்றால் பத்திரம் எழுதுபவரிடம். நாய்க்கு உண்ணி என்றால் கால்நடை மருத்துவமனை மருந்தாளரிடம். பேருந்துக் குமட்டலுக்கு வீட்டிலேயே ஆள் இருந்தார். அவள் கணவர் இருபத்தைந்து வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர்.

"டிரைவர் எவனாவது வாந்தி எடுத்துப் பார்த்திருக்கியா? ஏன்னா நாங்க ரோட்டையே பார்த்துட்டு இருக்கோம். முன்பக்கமா உக்காரச் சொல்லு, தூரத்தைப் பார்க்கச் சொல்லு, அந்தப் போனைத் தூக்கி உள்ள வைக்கச் சொல்லு. வெறும் வயித்தோடவும் ஏறக்கூடாது, வயிறு முட்டத் தின்னுட்டும் ஏறக்கூடாது."

ஒவ்வொரு பதிலும் "கேட்டேன், சொன்னார்கள்" என்றே தொடங்கியது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது வருடம், குளிர் கொஞ்சம் கூடுதலாக இருந்த மாதத்தில்தான் அந்தப் பச்சை மைக் கடிதம் வந்தது.

கடிதங்களை முதலில் பிரிப்பது ஆசிரியர். அவரிடம் நீளமான கத்தரிக்கோல் ஒன்று இருந்தது. ஒரே கடிதத்தில் பல கேள்விகள் இருந்தால் நறுக் நறுக்கென்று வெட்டி, வீட்டுக் கேள்வியை வீட்டுக் கோப்பிலும் பூனைக் கேள்வியைப் பூனைக் கோப்பிலும் போட்டுவிடுவார். "அஞ்சு கேள்வின்னா அஞ்சு வாரத்துக்கு ஆச்சு" என்பது அவர் கணக்கு. அதனால் அவள் கைக்கு வருவதெல்லாம் துண்டுகள்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை செல்லப்பிராணிக் கோப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். பச்சை மை, சாய்ந்த எழுத்து.

"எங்கள் பூனையின் பெயர் மேனேஜர். எல்லா அறையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்துகொள்வதால் அந்தப் பெயர். இரண்டு மாதமாகப் பால்கனியில் சுருண்டு படுத்தால் எழுந்திருப்பதில்லை. எழுந்தாலும் தடுமாறுகிறது. வயது மூன்றுதான். சாப்பாட்டை மாற்ற வேண்டுமா?"

அதை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனாள். மருந்தாளர் ஒரு பெரிய நாயின் காதுக்குச் சொட்டு மருந்து விடுவதற்காக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் துண்டைப் படித்துக் காட்டியதும், நாயின் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கியபடியே திரும்பினார்.

"வேற இடத்துல விட்டா பூனை எப்படி இருக்காம்?"

"அது எழுதலையே."

"வீட்ல இருக்கற மனுஷங்களுக்கு உடம்பு எப்படி?"

"பூனையைத்தானே கேட்டிருக்காங்க?"

"அக்கா, போன வருஷம் ஒருத்தர் கிளி சுணங்கிக் கிடக்குன்னு தூக்கிட்டு வந்தாரு. பார்த்தா, மூடின ரூம்ல பெயின்ட் அடிச்சிருக்காங்க. வீட்டுக் காத்துல கோளாறுன்னா முதல்ல சின்ன உடம்புக்குத்தான் தெரியும். மனுஷங்களைப் பத்தியும் கேளுங்க."

அவள் நன்றி சொல்லிவிட்டு வாசல் வரை வந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். அந்தப் பச்சை மையை வேறு எங்கேயோ பார்த்திருக்கிறாள். ஒரு இடத்தில் அல்ல, பல இடத்தில்.

அலுவலகத்துக்கு எப்படி வந்தாள் என்றே அவளுக்குத் தெரியாது. மிச்சம் நாலு கோப்புகளையும் தரையில் கொட்டித் தேடினாள். நாலிலும் ஒவ்வொரு பச்சைத் துண்டு இருந்தது. வெட்டிய ஓரங்களைச் சேர்த்து வைத்தாள். ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின.

உடல்நலம்: "என் மனைவிக்கு இரண்டு மாதமாகக் காலையில் தலை பிளக்கிற வலி. குமட்டல் வேறு. கண்ணாடி மாற்றியும் பயனில்லை. கைவைத்தியம் ஏதாவது உண்டா?"

வீடு: "தூசிக்கும் குளிருக்கும் பயந்து பால்கனியைக் கண்ணாடி போட்டு முழுக்க அடைத்தோம். வெந்நீர் போடும் கேஸ் ஹீட்டரும் அங்கேதான் இருப்பதால் நல்ல கதகதப்பு. ஆனால் காலையில் கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. எப்படித் தடுப்பது?"

பயணம்: "எட்டு நாள் என் தம்பி ஊருக்குப் போயிருந்தோம். அங்கே மனைவிக்குத் தலைவலியே இல்லை. பக்கத்து வீட்டில் விட்டுப்போன பூனையும் ஓடி விளையாடியதாம். அடிக்கடி பயணம் போவது உடம்புக்கு நல்லதா?"

மனை: "இந்த வீடு எங்களுக்கு ராசி இல்லை என்கிறார்கள். விற்றுவிடலாமா?"

முதல் தடவை எழுத்துக்காகப் படிக்கவில்லை. நேராகச் சந்தேகத்துக்கே போய்விட்டாள். கேஸ் மெக்கானிக் ஒருவரை அவளுக்குத் தெரியும். போனில் ஐந்து துண்டுகளையும் வரிசையாகப் படித்தாள். அவர் நடுவிலேயே நிறுத்தினார்.

"ஹீட்டர் பால்கனிலயா? அந்தப் பால்கனியை அடைச்சுட்டாங்களா? அக்கா, உடனே அதை நிறுத்தச் சொல்லுங்க. எல்லாரும் வெளிய வரட்டும். நான் வந்துட்டே இருக்கேன். எந்த வீடு?"

எந்த வீடு என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. கடிதத்தின் அடியில் "ஒரு வாசகர்" என்று மட்டும் இருந்தது. ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்தபடி, "வெள்ளிக்கிழமை முதல் பதிலா போட்டுடலாம்மா, அவசரம்னு கொட்டை எழுத்துல" என்றார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அவங்க மூச்சு விடணுமே சார்."

ஆசிரியர் தன் வாழ்நாளில் முதல் முறையாகக் குப்பைக்கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தார். பச்சை மை உறை கிடைத்தது. குடியிருப்பின் பெயரும் மூன்றாம் பிளாக் என்பதும் இருந்தது. வீட்டு எண் இல்லை.

கணவருக்கு அன்று ஓய்வு நாள். போன் போட்டதும் ஸ்கூட்டரோடு வந்து நின்றார். பேருந்து ஓட்டுகிறவர் ஸ்கூட்டரில் நிதானமாகத்தான் போவார், அன்று போகவில்லை.

குடியிருப்பு வாசலில் காவலாளி வழிமறித்தார்.

"மேனேஜர் வீடு எது?" என்றாள் அவள், மூச்சு வாங்க.

"மேனேஜர் இங்க குடியிருக்கலம்மா. பத்து மணிக்கு வருவாரு, ஆபீஸ்ல..."

"அந்த மேனேஜர் இல்லைங்க. பூனை!"

காவலாளி மேலும் கீழும் பார்த்தார். நல்லவேளையாக அவர் பூனைகளையும் அறிந்தவர். "அட, தையல்காரர் வீட்டுப் பூனையா? ரெண்டாவது மாடி, கடைசி வீடு."

கதவைத் திறந்தது தையல்காரரின் மனைவி. ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. தைக்கும் முன் துணிகளை வெந்நீரில் நனைத்து அலசுவது அந்த அம்மாவின் தினசரி வேலை. உள்ளே ஹீட்டர் புஸ்ஸென்று எரியும் சத்தம் கேட்டது.

"யாருங்க? அவர் கடைக்குப் போயிருக்காரே."

"பத்திரிகையிலிருந்து வர்றேம்மா. தப்பா நினைக்காதீங்க, முதல்ல வெளிய வந்துடுங்க. எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்."

"துணி ஊற வச்சிருக்கேன்..."

"ஊறட்டும்."

தோளைப் பிடித்து அழைத்துவந்து, படிக்கட்டில் நின்ற கணவரிடம் ஒப்படைத்தாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஹீட்டரை அணைத்து, வால்வைத் திருகி மூடினாள். கண்ணாடிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தாள். கீழே, மடித்த போர்வைமேல் சாம்பல் நிறப் பூனை கிடந்தது. அவள் தன் வாழ்க்கையில் பூனையைத் தொட்டதே இல்லை. வாரியெடுத்தபோது அது ஈரத்துணி போலத் துவண்டது. ஆனால் மார்பில் அணைத்ததும், லேசாக ஒரு மூச்சு அவள் கையில் பட்டது.

மெக்கானிக் வந்து, காற்று நன்றாக ஓடிய பிறகு மேலே ஏறிப் பார்த்தார். ஹீட்டரின் புகைக்குழாய் முன்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணாடி மாட்டியவர்கள் இடைஞ்சல் என்று அதை வெட்டிவிட்டு, அந்த இடத்தையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள்.

"பாருங்க, புகை போக வழியே இல்லை. மூடின இடத்துல கேஸ் எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும். அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நம்ம மூக்கை நம்பவே முடியாது. அந்தக் கண்ணாடில நின்ன தண்ணியும் கேஸ் எரியறப்ப வந்த ஆவிதான்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்த அம்மாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, மாலை வரை ஆக்ஸிஜன் வைத்தார்கள். தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தார். மனைவி கண் திறந்து, "ஊற வச்ச துணி என்ன ஆச்சோ" என்று முணுமுணுத்ததைக் கேட்டதும்தான் அவருக்கு உயிர் வந்தது. வராந்தா பெஞ்சில் கேட்டுச்சொல்லியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தனித்தனியா அஞ்சு கஷ்டம்னு நினைச்சேங்க. அதான் நம்பர் போட்டு எழுதினேன்." நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூனை இரண்டு நாள் கால்நடை மருத்துவமனையில் இருந்தது. மூன்றாம் நாள் மருந்தாளரிடமிருந்து போன் வந்தது. "அக்கா, மேனேஜர் டியூட்டில சேர்ந்துட்டாரு. என் கையைக் கீறிட்டாரு."

அந்த வெள்ளிக்கிழமை ஆசிரியர் முதல் பக்கத்து விளம்பரம் ஒன்றை எடுத்துவிட்டு அவளுக்கு இடம் கொடுத்தார். அவள் நாலு பேரிடம் கேட்டு, எளிமையாக எழுதினாள். வீட்டில் இருக்கும்போது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்து, வெளியே போனால் சரியாகிறது என்றால் சந்தேகப்படுங்கள். ஒரே வீட்டில் பலருக்கும், அல்லது பூனை நாய்க்கும் சேர்ந்து முடியவில்லை என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். ஜன்னலைத் திறந்து, கேஸை மூடி, உடனே வெளியே வாருங்கள். மருத்துவரிடம் போனால் வீட்டில் எரியும் ஹீட்டரைப் பற்றியும் சொல்லுங்கள். புகைக்குழாயை வருடம் ஒரு முறை ஆள் வைத்துப் பாருங்கள். பால்கனியை அடைப்பதற்கு முன் அங்கே என்ன எரிகிறது என்று பாருங்கள்.

கடைசியில் ஐந்தாவது கேள்விக்கும் பதில் போட்டாள்: "வீட்டை விற்க வேண்டாம். வீட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அலுவலகப் போன் ஓயவில்லை. பால்கனியை அடைத்தவர்கள் ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். மெக்கானிக் ஒன்பது வீட்டுக்கும் போனார். இரண்டு வீட்டில் இதே கதைதான். அதில் ஒன்றில் ஆறு மாதக் குழந்தை இருந்தது. அந்தக் குழந்தையின் அப்பா பெரிய கட்டடங்களில் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. அவர் மறுநாளே தன் கூட வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். ஹீட்டர் இருக்கும் இடத்தை அடைக்க மாட்டோம் என்று அவர்களில் பலர் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு பத்திரிகைப் பக்கம் அவ்வளவு தூரம் போகும் என்று ஆசிரியரே எதிர்பார்க்கவில்லை. கடிதங்களை இனி முழுசாகவே படிப்பது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை வந்த உறைகள் எல்லாம் வெட்டுப்படாமல் அவள் மேசைக்கு வந்தன.

தையல்காரர் மனைவிக்குத் தலைவலி போன இடம் தெரியவில்லை. வலி வந்த பிறகு விட்டுவிட்ட நுணுக்கமான பூத்தையலை மறுபடி எடுத்திருக்கிறாள். "ஊசில நூல் கோக்கறப்ப கை நடுங்கலக்கா" என்று சொல்வதற்கென்றே ஒரு நாள் மாடியேறி வந்தாள். இருவருக்கும் அன்று நிறையப் பேச்சு இருந்தது. புரூஃப் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனது.

கேட்டுச்சொல்லிக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. சனிக்கிழமை காலைகளில் வாசகர்கள் நேரிலேயே வரலாம் என்று ஏற்பாடு ஆகிவிட்டது. டயர் கடைக்காரர் தன் பங்குக்கு இரண்டு பெஞ்சு போட்டிருக்கிறார். போன வாரம் புதுமணத் தம்பதி ஒன்று அட்டைப்பெட்டியோடு வந்தது. மாப்பிள்ளைக்கு வேறு ஊருக்கு வேலை மாற்றல். பெட்டிக்குள் பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து வந்த ஆமை.

"இதை ரயில்ல எப்படிக் கொண்டு போறதுக்கா?"

அவளுக்குத் தெரியவில்லை. அதை அப்படியே சொன்னாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, அவர்களையும் கூட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தாள். பார்சல் அறை எழுத்தர் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஆமையா? இருபது வருஷ சர்வீஸ்ல இதை யாரும் கேட்டதில்லையே" என்று அவர் தலையைச் சொறிந்தார். பிறகு அலமாரியிலிருந்து தடிமனான விதிப் புத்தகத்தை இறக்கி, தூசியை ஊதினார்.

"உக்காருங்க. பார்த்துச் சொல்றேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நோட்டைத் திறந்தாள்.